பிணவறையிலே ஒரு பள்ளி

மண்டையோட்டின் மேல்மூடி ஒன்று. அதைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு!

பெர்லின் நகரம். சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த நோயியல் கூடம். 1873ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமைக் காலை. கனடாவிலிருந்து வந்திருந்த இளம் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார். மேசைமீது சடலம். எதிரே, மூக்குக் கண்ணாடி அணிந்த, சிறிய உருவத்துப் பேராசிரியர். கத்தியை எடுப்பார், கீறுவார், நோய் இன்னதென்று சொல்லுவார், கலைந்து செல்லலாம் என்று எண்ணி வந்தவர்களுக்கு அன்று ஏமாற்றம். மண்டையோட்டின் மேல்மூடியைக் கையிலேந்திய பேராசிரியர், அதனை வருணிப்பதிலேயே அரை மணி நேரத்தைக் கழித்தார். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஒரு பிண ஆய்வு முடிய மூன்று மணி, நான்கு மணி கூட ஆகிவிடுகிறது என்று ஆஸ்லர் தம் நாட்டு மருத்துவ ஏட்டுக்கு எழுதினார்.

அந்தப் பேராசிரியர் ருடால்ப் விர்ச்சோ. நோயியல் பயில வரும் புதிய மாணவனை எப்படி ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதற்கு உலகுக்கே வழி வகுத்த வித்தகர். மண்டையோட்டுக்கு அரை மணி நேரம் எதற்கு? கண் இருந்தும் காணாமல் கிடந்த காலம் இரண்டாயிரம் ஆண்டுகள் அல்லவா! அந்தக் குருட்டுத்தனத்தைப் போக்க அரை மணி நேரம் அதிகமா?

ஐரோப்பாவிலே என்ன நடந்தது? கேலன் சொன்னான், உடலிலே நான்கு நீர்கள் உண்டென்று. அவை கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய். ஏட்டிலே இருந்தது, ஆகவே உடலிலும் இருந்தாக வேண்டும் என்றனர். அறுத்துப் பார்த்தவனுக்கு வேறொன்று தெரிந்தாலும், தன் கண்ணை நம்பாமல் ஏட்டையே நம்பினான். நம் நாட்டிலோ, வாதம் பித்தம் கபம் என்று பேசியதோடு நில்லாமல், முன்வினை என்றும் மாரியின் கோபம் என்றும் மேலும் இரண்டு சுமைகளை நோயாளியின் தலையிலே ஏற்றினோம்.

இந்த மயக்கத்தை முதலில் உலுக்கியவர் இத்தாலியிலே, பாதுவா பல்கலைக் கழகத்திலே இருந்த மோர்காக்னி. 1761இல், தமது 79ஆம் வயதிலே வெளியிட்ட நூலில், ஏறத்தாழ எழுநூறு பிண ஆய்வுகளை எடுத்து வைத்தார். நோய் எங்கே இருக்கிறது, இடத்தைக் காட்டு என்று கேட்டார். கேள்வி எளியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னே நான்கு நீர்களும் நடுங்கின. அடுத்து வியன்னாவிலே ரொக்கிட்டான்ஸ்கி. தம் கையாலேயே முப்பதாயிரம் பிணங்களை ஆராய்ந்தவர் என்பர். அத்தகைய பேரறிஞரும் ஓரிடத்தில் வழுக்கினார். அறுத்துப் பார்த்தும் இடம் தெரியாத நோய்களுக்கெல்லாம் இரத்தத்தின் கலவை கெட்டதே காரணம் என்று ஒரு கொள்கையைக் கட்டினார். பழைய நீர்க் கொள்கையே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது!

1846இல் அதைக் கிழித்தெறிந்தவன் இருபத்தைந்து வயது இளைஞன் விர்ச்சோ. ஏழைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்த படை மருத்துவப் பள்ளியிலே படித்து வந்தவன். அவரினும் மூத்த அந்தப் பேரறிஞர் என்ன செய்தார்? 'நேற்றுப் பிறந்த நீ யார்?' என்று சீறினாரா? இல்லை. தமது நூலின் மறுபதிப்பிலே அந்தக் கொள்கையை நீக்கிவிட்டார். நம் நாட்டுப் பீடங்களிலே இருப்போர் ஒருமுறையேனும் இப்படி ஒரு வரியை நீக்கியதுண்டா?

விர்ச்சோவின் பயிற்சி முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். முதலில் காண வேண்டும். கண்டதை அங்கேயே எழுத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகே நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. ஈரல் வீங்கியிருக்கிறது என்று எழுதாதே. இத்தனை அங்குலம், இத்தனை எடை, இன்ன நிறம், கத்தி பட்டபோது இப்படி இருந்தது என்று எழுது. 'இன்ன நோயால் செத்தான்' என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு மேசைக்கு வருகிற மாணவன், அந்த நோயை மட்டுமே காண்பான். மற்றதெல்லாம் கண்ணெதிரே கிடந்தும் காணான். ஆகவே ஓர் உறுப்பும் விடாமல், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒழுங்கு தவறாமல் பார்க்க வேண்டுமென்று முறை வகுத்து, அதனை 1876இல் நூலாகவே வெளியிட்டார். கத்தியைப் பேனாபோல் விரல் நுனியில் பிடித்துச் சுரண்டுவதும் அவருக்குப் பிடிக்காது. கை முழுவதும் இயங்க, நீளமாய், ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அஞ்சி அஞ்சிப் போட்ட பல சிறு வெட்டுகள் உறுப்பைச் சிதைக்குமே தவிர உண்மையைக் காட்டா என்பது அவர் கருத்து.

கண்ணுக்குப் புலப்படாததைக் காண நுண்ணோக்கி. 1858இல் பெர்லின் மருத்துவர்களுக்கு அவர் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் நூலாயின. நோயின் இருப்பிடம் உறுப்பு என்று மோர்காக்னி சொன்னார். இல்லை, அதனினும் சிறிய செல்லிலே இருக்கிறது என்று காட்டினார் விர்ச்சோ. செல் என்பது மற்றொரு செல்லிலிருந்தே தோன்றும், வெறுமையிலிருந்து எதுவும் முளைக்காது என்றார். அவருடைய வகுப்பறையிலே ஒரு விந்தை! மேசைகளின்மேல் சிறு தண்டவாளம். அதன்மீது நுண்ணோக்கிகள் மாணவனிடமிருந்து மாணவனுக்கு உருண்டு செல்லும். ஆசிரியர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீடு செல்ல வழியில்லை. ஒவ்வொருவனும் தன் கண்ணாலே பார்த்தாக வேண்டும். குரு வாய் திறப்பதும் சீடன் வாய் பிளப்பதுமே கல்வி என்றிருந்த உலகத்திலே, அந்தச் சிறு ரயில் செய்தது பெரும் புரட்சி.

பிணத்தைத் தொடுவது தீட்டு என்று தீர்ப்பளித்து, அந்தத் தொழிலை ஒரு சாதியின் தலையிலே கட்டிவிட்ட நம் நாட்டிலும் ஒரு நாள் வந்தது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சடலத்தை அறுத்தார். உயர்சாதி எனப்பட்டோரின் சீற்றத்தைப் பொருட்படுத்தாது அவர் வைத்த கத்தி, பிணத்தோடு சேர்த்து ஒரு சாத்திரத்தையும் கீறியது. தீட்டு என்பதை ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் கைவிட்டனர்.

ஆனால், பிணத்தைத் தொட்ட கையிலே ஓர் ஆபத்து உண்மையாகவே இருந்தது. புரோகிதன் சொன்ன தீட்டு அன்று அது, கழுவினால் போகக்கூடியது. வியன்னாவில் மாணவர்கள் காலையிலே பிணவறையில் பயில்வர்; அங்கிருந்து நேரே பிரசவ விடுதிக்குச் சென்று தாய்மாரைச் சோதிப்பர். 1846இல் மாணவர் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் மூவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு கொலெட்ச்கா என்ற பேராசிரியருக்குப் பிண ஆய்வின்போது மாணவன் கைக்கத்தி விரலில் பட்டது, அவர் இறந்தார். அவர் உடலிலே கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மாரின் உடலிலே கண்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸ் அதைக் கவனித்தார். குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டே உள்ளே வர வேண்டுமென்றார். 1848இல் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே, புதிதாக வரும் மாணவனுக்கு முதலிலே கற்பிக்க வேண்டியது கத்தி பிடிப்பதா, கை கழுவுவதா?

வருந்தத்தக்க செய்தி, இதை விர்ச்சோ ஏற்கவில்லை! காண் காண் என்று கற்பித்தவர், வியன்னாவின் எண்களைக் காண மறுத்தார். நுண்கிருமிகளைப் பற்றியும் நெடுநாள் ஐயமே கொண்டிருந்தார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால், புதிய விக்கிரகம் ஒன்றை வடித்தவர்களாவோம்.

எனினும், பிணவறைக்கு வெளியேயும் நோயின் காரணத்தைத் தேடியவர் அவர். 1848இன் தொடக்கத்தில் பிரஷ்ய அரசு அவரை மேல் சைலீசியாவுக்கு அனுப்பியது. டைபஸ் காய்ச்சல், பஞ்சம், மக்கள் மடிகின்றனர். பேசுவது போலிஷ் மொழி. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆட்சி செய்வதோ ஜெர்மன். நிலப்பிரபு ஒருபுறம், அடங்கிக் கிட என்று போதிக்கும் பாதிரி மறுபுறம். மூன்று வாரம் பார்த்துத் திரும்பிய இளைஞர் அரசுக்கு எழுதிய அறிக்கையிலே மருந்துப் பட்டியல் எதிர்பார்த்தோர் திகைத்தனர். மக்களாட்சி வேண்டும், கல்வி வேண்டும், போலிஷ் மொழிக்கு ஆட்சிமொழி உரிமை வேண்டும், அரசிலிருந்து மதம் விலக வேண்டும், வரிச்சுமை ஏழையிடமிருந்து செல்வர்க்கு மாற வேண்டும், சாலை வேண்டும் என்று எழுதினார்! திரும்பிய சில நாட்களில் பெர்லின் புரட்சியிலே தடுப்பரண் கட்ட நின்றார். மருத்துவச் சீர்திருத்தம் என்ற பொருள்படும் பெயரிலே ஒரு வார ஏடும் நடத்தினார். பலன்? 1849இல் சாரிட்டேயில் வேலைக்கு ஆபத்து; பவேரியாவின் வூர்ட்ஸ்பர்க் நகருக்குப் போனார். 1856இல் பெர்லின் மீண்டும் அழைத்தபோது, தனி நோயியல் கூடம் கட்டித் தந்தால் வருகிறேன் என்று நிபந்தனை விதித்தே வந்தார். ஆஸ்லர் நின்றது அந்தக் கூடத்திலேதான்.

பின்னாளில் ஜெர்மன் பள்ளிச் சிறுவர் 67 இலட்சம் பேரின் கண், முடி, தோல் நிறங்களைக் கணக்கெடுக்கச் செய்து, தூய ஜெர்மன் இனம் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று எண்களாலேயே காட்டியவரும் அவர்தான். பிண ஆய்வில் பழகிய கண், இன ஆணவத்தையும் அறுத்துப் பார்த்தது.

1887இலே அவருக்கு வந்தது கடினமான சோதனை. பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையில் கட்டி. புற்று என்றனர் ஜெர்மன் மருத்துவர். கத்தி வைக்கவும் ஆயத்தமாயினர். இங்கிலாந்திலிருந்து வந்த மக்கென்சி கட்டியிலிருந்து துணுக்குகளைக் கிள்ளி விர்ச்சோவிடம் அனுப்பினார். நுண்ணோக்கியிலே புற்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினார். அறுவை நின்றது. நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை. கையிலே வந்த துணுக்கைப் பற்றி மட்டுமே அது பேசும், வராத பகுதியைப் பற்றிப் பேசாது. இந்தப் பாடத்தை இன்றைக்கும் நோயியலுக்கு வரும் ஒவ்வொரு புதிய மருத்துவரும் தொடக்கத்திலேயே கற்றாக வேண்டியிருக்கிறது. துணுக்கில் இல்லை என்பது வேறு, உடலில் இல்லை என்பது வேறு.

பிரெடரிக் 1888 மார்ச்சில் முடிசூடி, 99 நாள் ஆண்டு, ஜூன் 15இல் இறந்தார். மறுநாள் பிண ஆய்வு. மேசையருகே வால்டையரும் விர்ச்சோவும் நின்றனர். பேரரசன் உடல் என்று விலக்கில்லை, குரல்வளை திறக்கப்பட்டது. ஓராண்டுக்கு முன் துணுக்கிலே இல்லாத புற்று, அங்கே இருந்தது. கண்டது கண்டபடி குறிப்பேட்டில் ஏறியது.