பாரம்பரிய நகர மையம்: எதைக் காப்பது, யாரை வெளியேற்றுவது?

1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுத்தெரு, பொதுக்கிணறு ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்பதை அரசு ஏற்று அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசும் ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கல்பாத்தியில் தேர்த்திருவிழா நடந்தது. அரசின் அறிவிப்பை நம்பி அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தடுக்கப்பட்டார்கள், மோதல் மூண்டது. அவை பொதுத்தெருக்கள் அல்ல, தங்களுக்கே உரியவை என்பது குடியிருப்போரின் வாதம். நிருவாகம் தடையாணையைக் கையில் எடுத்தது. அந்தத் தெருவில் நடப்பதற்காகவே ஆரிய சமாஜத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

இன்று கல்பாத்தி கேரள அரசால் அறிவிக்கப்பட்ட பாரம்பரியக் கிராமம். வரிசை வீடுகளும் திண்ணைகளும் தேர் ஓடும் வீதியும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்கிறது அந்த அறிவிப்பு. அவை அழகானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், 1924இல் அந்தத் தெருவில் நடந்ததும் அதே பாரம்பரியத்தின் பகுதிதான். கட்டடத்தை மட்டும் பதிவு செய்து, அதன் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதைப் பதிவு செய்யாத பட்டியல் அரைகுறையானது.

'தனித்தன்மை' என்ற சொல்

நகரத் திட்ட ஆவணங்களில் 'பழைய நகரின் தனித்தன்மை' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. சட்டத்தில் அதற்குத் துல்லியமான வரையறை இல்லை. நடைமுறையில் அது கோயில், குளம், தேரோடும் வீதிகள், அவற்றை ஒட்டிய ஓட்டுவீடுகள் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மையத்திலிருந்து விலக விலகத் தெருக்களின் சாதியும் மாறும். கோட்டைக்கும் ஆற்றுக்கும் அப்பால், சுடுகாட்டுக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் அருகில் சேரி இருக்கும். தனித்தன்மை என்று நாம் வியக்கும் தெரு அமைப்பு சாதி வரைந்த வரைபடமும் ஆகும். பாரம்பரிய எல்லைக்கோடு பெரும்பாலும் சேரிக்கு முந்தைய தெருவில் நின்றுவிடும். அந்தக் கோயிலுக்குப் பறையடித்தவர்களும் தேருக்கு வடம் பிடித்தவர்களும் வாழ்ந்த குடியிருப்பு பட்டியலில் 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பின் கீழ் வரும்.

மதுரையை எடுத்துக்கொள்வோம். மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. கோட்டை மதில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்ட பிறகே நகரம் வெளியே பரவியது. 1939 ஜூலை 8 வரை தலித் மக்களும் நாடார்களும் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாது. இன்று கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது விதி. கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. விதியை மீறி எழுந்த கட்டடங்கள் குறித்த வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்திருக்கின்றன.

ஆனால், உயரத்தைக் கட்டுப்படுத்தும் விதி உள்ளே குவியும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு இருபது அறைகள் கொண்ட விடுதியாகலாம். உயரம் 9 மீட்டருக்குள் இருந்தால் போதும். இருபது அறைகளின் கழிவு எங்கே போகிறது? பழைய நகரங்களின் பாதாளச் சாக்கடை அங்கு வாழ்ந்த குடும்பங்களின் கணக்குக்குப் போடப்பட்டது. தெருவோ குறுகல், அடைப்பெடுக்கும் இயந்திர வண்டி திரும்ப இடமிருக்காது. அப்போது மூடியைத் திறந்து ஒரு மனிதரை இறக்குகிறார்கள். அவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்று நான் எழுத வேண்டியதில்லை. மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. எனவே, எந்தப் பாரம்பரிய மையத் திட்டத்தைப் படித்தாலும் கல்தளம், விளக்குக்கம்பம் பற்றிய பக்கங்களைத் தாண்டிச் சாக்கடை பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். பல திட்டங்களில் அந்தப் பக்கமே இருக்காது.

வெளியேற்றத்தின் இரு முன்மாதிரிகள்

கர்நாடகத்தின் ஹம்பி 1986 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். விருபாட்சர் கோயில் முன்னுள்ள கடைவீதியின் பழைய மண்டபங்களிலும் அவற்றை ஒட்டியும் பல தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்தார்கள், கடை நடத்தினார்கள். 2011 ஜூலை 29 அன்று, மிகக் குறுகிய அறிவிப்பில், அந்த வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கத்திராம்புராவில் மனைகள் காட்டப்பட்டன. விஜயநகரக் காலத்திலேயே கடைவீதியாக இருந்த இடத்தில் கடை வைத்தவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

காசி விசுவநாதர் வளாகம் வேறு வழியில் சென்றது. 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்காக 300க்கும் மேற்பட்ட சொத்துகள் பெறப்பட்டன. சுமார் 1,400 கடைக்காரர்கள், வாடகைதாரர்கள், வீட்டு உரிமையாளர்களுக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டதாக ஒன்றிய அரசே சொன்னது. சொத்துகள் பெரும்பாலும் பேசி வாங்கப்பட்டவை. இங்கேதான் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அரசு கையகப்படுத்தினால் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். பட்டா இல்லாவிட்டாலும், அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டுகள் பிழைத்த குடும்பம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' ஆகும். பேசி வாங்கும்போது பேச்சு பத்திரம் வைத்திருப்பவரோடு நடக்கிறது. குடிசையில் இருப்பவரும் நடைபாதையில் பூ விற்பவரும் அந்த மேசைக்கு அழைக்கப்படுவதில்லை.

கையில் உள்ள சட்டங்கள்

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தப்படி, ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். மாடி வீட்டுக்காரருக்கு இது தொல்லை. கூரைவீட்டுக்காரருக்கோ தலைமுறைக்கும் கூரைதான் என்ற தீர்ப்பு. ஆனால், 'கட்டுமானம்' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் வடிகால், பொதுக்கழிப்பறை, பொதுக் குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான பணிகள் அடங்கா. 'தொல்லியல் துறை தடுக்கிறது' என்று சொல்லிச் சேரிக்குக் குடிநீர்க் குழாயை மறுக்கும் அலுவலரிடம் இந்த வரையறையை எடுத்துக் காட்டுங்கள். 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி கோரலாம்.

2014ஆம் ஆண்டின் தெரு வணிகர்கள் சட்டம் நம் தரப்பு அதிகம் பயன்படுத்தாத ஆயுதம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர்களே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு உரிய இடமும் வேண்டும். அதன் இரண்டாம் அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது: ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வணிகர்கள் தொழில் நடத்திய இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும்; அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. பாரம்பரியம் என்ற சொல்லைக் காட்டி அப்புறப்படுத்தப்படுபவர்களுக்கு, அதே சொல்லால் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலில் கூடை வைத்த பெண்களின் பழைய தண்டல் ரசீதுகளையும் புகைப்படங்களையும் சேகரித்து வையுங்கள்; நீதிமன்றத்தில் கைகொடுப்பவை அவைதாம்.

தலித் ஒருவரை அவருடைய நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜி) படி குற்றம். பொது இடத்துக்குச் செல்லும் வழக்கமான பாதையை மறுப்பது பிரிவு 3(1)(ஒய்) படி குற்றம். வீதியை அழகுபடுத்திவிட்டு இரும்புக் கதவு போடும் இடங்களில் இரண்டாவது பிரிவை நினைவில் வையுங்கள்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றியது. அது பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. எனவே, நடைமுறையில் முடிவுகளைத் தீர்மானிப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி முழுமைத் திட்ட வரைவு வெளியிடப்பட்டால், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும். எவரும் ஆட்சேபிக்கலாம், சொத்துரிமை தேவையில்லை. நான் சென்ற ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் விடுதி உரிமையாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த நகரைத் தினமும் கூட்டிப் பெருக்கும் தொழிலாளர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலனி வரைபடத்தில் பச்சை நிறத்தில், பூங்காவாகக் காட்டப்பட்டிருந்தது. கூட்டத்தின் பதிவேட்டில் அதைப் பற்றி ஓர் ஆட்சேபமும் இல்லை.

உங்கள் ஊரின் வரைவு வெளியானால், முதலில் கேட்டுப் பெற வேண்டியது நில உபயோக வரைபடத்தின் நகல். அதில் சேரியின் சர்வே எண்கள் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் தனித்தனி ஆட்சேப மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனு கோப்பில் ஒரே மனுவாகத்தான் எண்ணப்படும்.