நாய் நடக்கிற பாதைக்குக் கீழே ஒரு தெரு இருந்தது

ராஜா, கோட்டை, போர் எதுவும் இல்லாத ஒரு வரலாறு எபிசோட் இது. இன்னைக்கு நாம போகப்போறது கனடாவின் டொராண்டோ நகரத்துக்கு நடுவுல இருக்கிற காட்டுக்கு. நான் வசிக்கிற ஊர் இது. என்கிட்ட மிளகுன்னு ஒரு கறுப்பு நாய் இருக்கான். தினமும் ரெண்டு வேளை அவனை நடத்திக் கூட்டிட்டுப் போகணும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரைக்கும், இலை நிறம் மாறி உதிர்கிற அந்த ஏழெட்டு வாரம், ரெண்டு வேளையும் நாங்க காட்டுக்குள்ளதான் இருப்போம். அந்தக் காடு எப்படித் தப்பிச்சது? மனை விலை இவ்வளவு ஏறின ஊர்ல, இவ்வளவு நிலத்தை ஏன் யாரும் கட்டடமா மாத்தல? அதுதான் இன்றைய கதை.

முதல்ல ஒரு சொல்லை விளக்கிடறேன். இந்தக் காட்டை இங்கே எல்லாரும் 'ரவீன்'னு சொல்வாங்க. தமிழில் பள்ளத்தாக்குன்னு சொல்லலாம். ஆனா அப்படிச் சொன்னா பெரிய மலை, மேகம், வியூ பாயின்ட் எல்லாம் மனசுல வந்துடும். ரவீன் அவ்வளவு பெரிசு கிடையாது. தட்டையான ஒரு தெருவை நினைச்சுக்கோங்க. வீடுகள், பஸ் ஸ்டாப், காபிக்கடை. தெரு முடியற இடத்துல ஒரு படிக்கட்டு. அதுல இறங்கினா கீழே ஓர் ஓடை, ரெண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, தலைக்கு மேல மேப்பிளும் ஓக்கும். வண்டிச் சத்தம் மேலேயே நின்னுடும். இப்படிப்பட்ட பள்ளங்களை எல்லாம் சேர்த்தால் சுமார் 11,000 ஹெக்டேர் வரும். நகரத்தின் மொத்தப் பரப்பில் 17 சதவீதம்.

இதை வெட்டினது தண்ணீர். கடைசிப் பனியுகம் முடிந்தபோது, ஏறத்தாழ 12,000 வருடங்களுக்கு முன்னால், பனிப்பாளம் உருகி இன்றைய ஒன்டாரியோ ஏரியைவிடப் பெரிய ஓர் ஏரி இங்கே நின்றது. புவியியலாளர்கள் அதற்கு இராக்வாய் ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டொராண்டோவில் டேவன்போர்ட் ரோட்டை ஒட்டி எழும்புகிற மேடு அந்த ஏரியின் பழைய கரை. ஏரி வடிந்த பிறகு, பனி விட்டுப்போன மணலையும் களிமண்ணையும் ஓடைகள் அறுத்துக்கொண்டு கீழே இறங்கின. மேற்கே ஹம்பர் ஆறு, நடுவில் டான் ஆறு, கிழக்கே ஹைலேண்ட் க்ரீக், ரூஜ் ஆறு என்று பெரியவை சில. அவற்றோடு சேரும் சின்ன ஓடைகள் ஏராளம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஹம்பர் கரை ஒரு நெடுஞ்சாலை மாதிரி இருந்தது. ஒன்டாரியோ ஏரியிலிருந்து வடக்கே சிம்கோ ஏரி வரைக்கும் பூர்வகுடி மக்கள் அந்தக் கரையோரமாகத்தான் நடந்துபோனார்கள். இன்னைக்கு நாம நாயோட நடக்கிற பாதைகள்ல சிலது அந்த வழித்தடத்தை ஒட்டியே போகுது.

1793-இல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே யார்க் என்ற ஊரை நிறுவினார்கள். 1834-இல் அது டொராண்டோ ஆனது. வளர்கிற ஊருக்கு இந்தப் பள்ளங்கள் இடைஞ்சல். ரோடு போட முடியாது, மனை பிரிக்க முடியாது. அதனால என்ன பண்ணினாங்க? குப்பையைக் கொட்டினாங்க, சாக்கடையை விட்டாங்க. நாற்றம் தாங்க முடியாமல் போனதும் ஓடையையே மூடினாங்க. நகரத்தின் மேற்கே ஓடிய காரிசன் க்ரீக்குக்கு அதுதான் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைச் செங்கல் குழாய்க்குள் தள்ளி, மேலே மண் போட்டு, வீடு கட்டினார்கள்.

அந்த ஓடையோட பள்ளத்துல மூடாமல் விட்ட ஒரு துண்டு இன்னும் இருக்கு. ட்ரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவில் பெரிய கிண்ணம் மாதிரி ஓர் இடம். நாய்களை வார் கழற்றி ஓடவிடுகிற இடம் அது. ஊர்ல அதுக்குப் பேரே 'டாக் போல்', அதாவது நாய்க் கிண்ணம். மிளகு அதுல மேலும் கீழும் ஓடும்போது எனக்குத் தோணும், இவன் ஒரு செத்துப்போன ஓடையின் கரையில ஏறி இறங்கறான்னு. ரவீனோட தலையெழுத்து இப்படித்தான் போயிருக்கணும். மிச்சம் ரெண்டு கிண்ணம், அவ்வளவுதான்.

டான் பள்ளத்தாக்கை மூட முடியலை, ரொம்பப் பெரிசு. அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். 1889-இல் அங்கே தொடங்கிய ஒரு செங்கல் சூளை 1984 வரை ஓடியது. பள்ளத்தாக்கின் களிமண்ணை வெட்டிச் சுட்டுத்தான் நகரத்தின் எத்தனையோ பழைய கட்டடங்கள் எழும்பின. ஆறு எவ்வளவு கெட்டுப்போச்சுன்னா, 1969-இல் மாணவர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து டான் ஆற்றுக்கு இறுதி ஊர்வலமே நடத்தினார்கள்.

சரி, இப்படி நடத்தின ஒரு ஊர், ஏன் திடீர்னு இந்தப் பள்ளங்களை விட்டுவெச்சது? அழகைப் பார்த்தா? பறவையைப் பார்த்தா? பள்ளங்களைப் பசுமையாகவே விடணும்னு 1940-களிலேயே திட்டம் போட்டவங்க இருந்தாங்க. 1946-இல் ஒன்டாரியோவில் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கென்று ஒரு சட்டமும் வந்தது. ஆனா காகிதத்துல இருந்ததைத் தரைக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு ராத்திரி.

1954 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. இதே இலையுதிர் காலம். ஹேசல் என்ற சூறாவளி ஹைட்டியில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றுவிட்டு, அமெரிக்காவின் கரோலினா கரையில் ஏறி, தரைவழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்தது. வழியில் ஒரு குளிர்க் காற்று முகப்போடு சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தைய நாட்களிலேயே நல்ல மழை. மண் ஏற்கெனவே நனைந்து நிறைந்திருந்தது. 48 மணி நேரத்தில் சில இடங்களில் 285 மில்லிமீட்டர் கொட்டியது. மண் குடிக்கவில்லை. எல்லாமே ஓடைக்கு வந்தது.

அப்போ ஆற்றங்கரை ஓரமா வீடு இருந்துச்சு. மலிவான மனை, தண்ணி பக்கத்துல, குழந்தைங்க விளையாட இடம். ஹம்பர் கரையில் ரேமோர் ட்ரைவ் அப்படி ஒரு தெரு. ராத்திரி வெள்ளம் ஏறினப்போ பக்கத்துல இருந்த நடைபாலம் ஒரு பக்கம் அறுந்து, ஆற்றோட வேகத்தை அந்தத் தெருப் பக்கமே திருப்பிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு வீடுகள் போயின. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர். மேற்கே எட்டோபிகோ க்ரீக் ஏரியில் கலக்கிற இடத்தில் 7 பேர். காரோடு சிக்கியவர்களைக் காப்பாற்றப் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் 5 பேரை ஹம்பர் வண்டியோடு அடித்துக்கொண்டு போனது. கனடாவில் மொத்தம் 81 பேர் இறந்தார்கள்.

விடிஞ்ச பிறகு எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் மையம். ரேமோர் ட்ரைவில் போன வீடுகளைத் திரும்பக் கட்ட விடவில்லை. 1957-இல் நான்கு சின்ன அமைப்புகளை இணைத்து, டொராண்டோ வட்டாரம் முழுவதுக்கும் ஒரே பாதுகாப்பு ஆணையம் உருவானது. வெள்ளம் வரும் நிலத்தை அரசு விலைக்கு வாங்கியது. எஞ்சி நின்ற வீடுகளையும் பல இடங்களில் அகற்றியது. சில அணைகள் கட்டினார்கள். மற்றபடி, ஆறு எவ்வளவு தூரம் ஏறி வருமோ அவ்வளவு நிலத்தையும் ஆற்றுக்கே விட்டுவிடுவது என்று முடிவானது.

ரேமோர் ட்ரைவோட பெரும்பகுதி இப்போ ரேமோர் பார்க். எட்டோபிகோ க்ரீக் முகத்துவாரத்தில் வீடுகளை எடுத்த இடம் மேரி கர்டிஸ் பார்க். அந்தப் பகுதியின் உள்ளாட்சித் தலைவராக அப்போது இருந்தவரின் பெயர் அது. அங்கேயும் நாய்களை அவிழ்த்துவிட ஓர் இடம் இருக்கு. பந்தை எறிஞ்சா மிளகு ஓடிப்போய் எடுக்கிற அந்தப் புல்வெளியில யாரோட சமையலறையாவது இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம். பள்ளத்துக்குள்ள கட்ட முடியாததால, அதன் விளிம்பில் உயரமா கட்டினாங்க. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தால் ரவீன் தெரியும். 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் பலரும் முதலில் குடியேறின செயின்ட் ஜேம்ஸ் டவுன் அப்படி ஓர் இடம். டான் பள்ளத்தாக்குக்குப் பொடிநடையா போயிடலாம். அங்கே பல வருஷம் இருந்த ஓர் அண்ணனிடம், அப்போ நீங்க இந்தப் பக்கமெல்லாம் நடக்க வருவீங்களான்னு கேட்டேன். "நாங்கள் வந்த புதுசில காடு எண்டால் பொழுதுபோக்கு இல்லைத் தம்பி. காட்டுக்குள்ள போறது ஒளிக்கிறதுக்குத்தான். அந்த எண்ணம் போக எனக்குப் பத்து வருசம் எடுத்தது" என்றார். ஒரே மரத்தடி, ஆளுக்கு ஆள் வேற. எல்லாருக்கும் பொதுவான இடம்னு சட்டம் சொல்லலாம், ஆனா அந்தப் படிக்கட்டு எல்லாருக்கும் ஒரே உயரம் கிடையாது.

இலையுதிர் காலத்தில் நடந்தால் இந்த வரலாறு கண்ணுக்கே தெரியும். அக்டோபரில் ஆரஞ்சும் சிவப்புமாய் எரிகிறது இந்த மண்ணின் சுகர் மேப்பிள். மத்த மரமெல்லாம் உதிர்ந்த பிறகும் தாமதமா மஞ்சளாகி நிற்கிறது பெரும்பாலும் நார்வே மேப்பிள். தெருவுக்கு நிழல் தரும்னு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் விதை பறந்து ரவீனுக்குள் இறங்கி, அடர்ந்த நிழல் போட்டு, கீழே எதையும் முளைக்க விடுவதில்லை. அடிச்செடி இல்லாத சரிவில் மண் கரைகிறது. நவம்பர் முதல் வாரம் போய்ப் பாருங்க, எவ்வளவு மஞ்சள் நிற்குதுன்னு.

அப்புறம் ஒரு கொடி. ஆங்கிலத்துல அதோட பேருக்கு 'நாயின் கழுத்தை நெரிக்கும் கொடி'ன்னு அர்த்தம். பயப்படாதீங்க, நாயை ஒண்ணும் பண்ணாது. நம்ம எருக்கஞ்செடி குடும்பம்தான். அதே மாதிரி காய் வெடித்து, பஞ்சு வால் வைத்த விதை காற்றில் பறக்கும். மோனார்க் வண்ணத்துப்பூச்சி ஏமாந்துபோய் இதில் முட்டையிடும். பொரிக்கிற புழு பிழைக்காது. விதை நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் பயணப்படும். அதனாலதான் மேலே ஏறி வந்ததும் மிளகை ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன். பாதையைவிட்டு இறங்க விடறதும் இல்லை. நகர விதிப்படி வார் 2 மீட்டருக்குள்தான் இருக்கணும்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2013 ஜூலை 8 அன்று டான் ஆறு பொங்கி, பள்ளத்தாக்கில் ஒரு பயணிகள் ரயில் தண்ணீருக்குள் நின்றது. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், படகில்தான் வெளியே வந்தார்கள். 2024 ஜூலை 16 அன்று அதே பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை முழுகியது. வீடு வேண்டாம்னு முடிவு செஞ்ச பள்ளத்துல, அறுபதுகள்ல நெடுஞ்சாலை மட்டும் போட்டாங்க. ஆறு அதை ஒத்துக்கலை. ஆனா ரெண்டு தடவையும் ரேமோர் ட்ரைவ் மாதிரி ஒரு தெருவே வீடுகளோடு அடித்துக்கொண்டு போகப்படலை. 1954-க்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான்.

வீட்டுத் தட்டுப்பாடு இங்கே நிஜமான பிரச்சினை. வாடகை கொடுக்கிற எனக்கும் அது தெரியும். வீடுகளை வேகமாகக் கட்டணும்னு 2022-இல் ஒன்டாரியோ அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டுமானங்கள் பற்றி அந்தப் பாதுகாப்பு ஆணையங்கள் கருத்துச் சொல்லும் அதிகாரத்தை அது குறைத்தது. 1954-ஐ நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நினைவு போன பிறகு, ஆற்றங்கரைப் புல்வெளி யாருக்கும் காலி மனையாகத்தான் தெரியும்.

அது காலி இல்லை, தண்ணீருக்கு ஒதுக்கி வைத்த இடம். பல வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளிக்காக வைத்த அறை மாதிரி. நடுவில் இருக்கிற நாட்களில் நாமும் நம்ம நாயும் அதுல நடக்கிறோம்.

உங்க ஊர்லயும் ஓடை ஓரமா ஒரு பூங்கா, மைதானம், புறம்போக்கு நிலம் இருந்தா, அது ஏன் இன்னும் கட்டாமல் இருக்குன்னு அங்கே வயசான ஒருத்தர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.