மனோராவும் பண்ணையாளும்

திருத்துறைப்பூண்டியினின்று தென்மேற்கே, முத்துப்பேட்டையையும் அதிராம்பட்டினத்தையும் கடந்து கடற்கரைச் சாலையில் நாம் சென்றால், அலையோரம் நிமிர்ந்து நிற்கிறது மனோரா. எட்டு நிலை, அறுகோண வடிவம். எழுப்பியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, காலம் 1814-15. எதற்காக? நெப்போலியன் வீழ்ந்தானாம், ஆங்கிலேயர் வென்றனராம், அந்தக் களிப்புக்கு!

1799 இல் நாட்டின் ஆட்சியை அதே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்குள் குறுகிய மன்னர் அவர். ஏடுகளைத் தேடித் தொகுத்த அறிஞர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன் நாட்டைக் கொண்டவனின் வெற்றிக்குத் தானே கோபுரம் எழுப்பிய விந்தையை என்னென்பது!

அதைப் போற்றிக் காக்கிறோம், காக்கட்டும். ஆனால், இச்சாலையின் இருமருங்கும் விரிந்த வயல்களுக்குக் கல்வெட்டு ஏது? எதிர்த்துப் பேசிய பண்ணையாளின் முதுகில் சவுக்கடி, வாயில் சாணிப்பால்: இதுவன்றோ நெற்களஞ்சியத்தின் நீதியாக இருந்தது! விவசாயிகள் சங்கம் கண்டு, சேரிதோறும் நடந்து அவனை எழுப்பினார் பி. சீனிவாசராவ், பிறப்பால் பார்ப்பனர், தாய்மொழி கன்னடம். 1952 இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961 இல் அவர் மறைந்தார்.

அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. நாகையிலிருந்து மனோரா காணச் செல்லும் வண்டிகள் அவ்வூர் வழியேதான் போகின்றன.