பேசின் பிரிட்ஜ் தாண்டிப் போன நெல்லும் திரூர் சங்கமும்



திருவள்ளூர் பக்கத்திலிருந்து ரயில்ல சென்ட்ரல் போறவங்களுக்கு பேசின் பிரிட்ஜ் நல்லாத் தெரியும். சென்ட்ரல்ல பிளாட்பாரம் காலியாகிற வரைக்கும் வண்டி அங்கே நிக்கும். ஜன்னல் வழியா பார்த்தா தண்டவாளமும் கால்வாயும்தான் தெரியும். ஆனா நம்ம மாதிரி சின்ன விவசாயிகளோட நெல் விலைக் கதையும் கடன் கதையும் அந்த இடத்தைத் தொட்டுத்தான் போகுது. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

பேசின்னா படகுகள் நின்னு சரக்கு இறக்குற நீர்த்தொட்டி. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் காக்ரேன் கால்வாய் 1806-க்குள்ள வெட்டி முடிச்சாங்க. பின்னாடி அதை ரெண்டு பக்கமும் நீட்டிப் பக்கிங்ஹாம் கால்வாய்னு பேர் வச்சாங்க. ஆந்திரா பக்கத்து அரிசி, விறகு, உப்பு எல்லாம் படகுல இந்த வழியாத்தான் பட்டணத்துக்கு வந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சது. அது நம்ம திருவள்ளூர் வழியாப் போன பாதை.

வண்டியும் துறைமுகமும் வந்தபிறகு நம்ம ஊர் நெல்லுக்கு நம்ம ஊர்லயே விலை சொல்ல முடியாமப் போச்சு. துறைமுகத்துல எவ்வளவு சரக்கு இறங்குது, பட்டணத்து வியாபாரி என்ன கேக்கறான்ங்கிறதுதான் விலை. தாது வருஷப் பஞ்சத்தப்போ, 1877-ல, சென்னைக் கடற்கரையில தானிய மூட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடந்த படம் இன்னிக்கும் இருக்கு. மூட்டை அங்கே கிடக்க, உள்ளூர்ல ஜனம் பட்டினியில செத்தது. சரக்கு இருந்தும் வாங்கக் கையில காசில்லாதவனுக்கு அது கிடைக்கல.

இதுல கடன் எங்கே வருதுன்னு கேப்பீங்க. எங்கப்பா காலத்து நடைமுறையைச் சொன்னாலே புரியும். நாத்து விடறதுக்கு முன்னாடி மண்டிக்காரர்கிட்ட முன்பணம் வாங்குவாங்க. அறுப்பு முடிஞ்சதும் அவர் வண்டி களத்துக்கே வந்துடும். அன்னிக்கு அவர் சொல்றதுதான் விலை. இன்னொருத்தர் மூட்டைக்குக் கூடக் குடுக்கறேன்னாலும் அவருக்குப் போட முடியாது, ஏன்னா கடன் பாக்கி இருக்கு. கடன் குடுத்தவரே விலையும் சொல்றப்போ விவசாயிக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம். அறுப்புச் சமயத்துல ஊரே விக்கும், அப்போ விலை இறங்கித்தான் இருக்கும். ரெண்டு மாசம் பொறுக்கிற தெம்பு இருக்கிறவன்தான் பிழைப்பான். சின்ன விவசாயிகிட்ட இல்லாதது அந்தத் தெம்புதான்.

இதைச் சரிபண்ண வழி தேடினவர் பிரடெரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு எழுதின அதே அதிகாரி. விவசாய வங்கி சாத்தியமான்னு ஆராயச் சென்னை அரசாங்கம் அவரைக் கேட்டுக்கிட்டது. 1895-லயும் 1897-லயும் ரெண்டு பாகமா அறிக்கை குடுத்தார். ஜெர்மனியில ரைபைசன்ங்கிறவர் கிராமத்துல ஆரம்பிச்ச சங்கம் மாதிரி இங்கேயும் வேணும்ங்கிறதுதான் அதோட சாரம். ஒரே ஊர்க்காரங்க சேரணும், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்கணும், ஒருத்தர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. அடமானம் வைக்க ஒண்ணுமில்லாதவனுக்கு அவன் நாணயமே ஜாமீன்.

1904-ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 30-ஆம் தேதி திரூர்ல ஆதிநாராயணய்யா முன்னின்று ஆரம்பிச்ச சங்கம் பதிவாச்சு. நம்ம மாகாணத்துல முதல் விவசாயக் கடன் சங்கம் அதுதான். அப்போ செங்கல்பட்டு மாவட்டம், இப்போ திருவள்ளூர் மாவட்டம். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம். டிகேஎம் 9, டிகேஎம் 13 நெல் ரகமெல்லாம் வந்த ஆராய்ச்சி நிலையமும் இதே திரூர்லதான் இருக்கு. நெல்லு விதையும் கூட்டுறவு விதையும் ஒரே ஊர்ல முளைச்சது நமக்குப் பெருமைதான்.

ஆனா அந்த 1904 சட்டத்துல ஒரு குறை இருந்தது. பேர்லயே இருக்கு பாருங்க, கடன் சங்கம். கடன் குடுக்கலாம், அவ்வளவுதான். விளைஞ்சதைச் சேர்ந்து விக்கிற சங்கத்துக்கு அந்தச் சட்டத்துல இடமில்லை. 1912-ல புதுச் சட்டம் வந்தபிறகுதான் விற்பனைச் சங்கமும் பதிவு பண்ண முடிஞ்சது. கடன் முன்னாடி ஓட, விற்பனை பின்னாடி நடந்து வந்தது. இன்னிக்கு வரைக்கும் அந்த இடைவெளி முழுசா அடையல.

அது எவ்வளவு பெரிய இடைவெளின்னு 1930-கள்ல தெரிஞ்சது. உலகம் முழுக்க மந்தம், நெல் விலை பாதியா விழுந்தது. பர்மா அரிசியும் சயாம் குருணையும் கப்பல்ல வந்து சென்னைத் துறைமுகத்துல மலிவா இறங்குச்சு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு ரூபாய் கடன், மூட்டை அஞ்சு ரூபாய்னா இருபது மூட்டையில தீரும். விலை ரெண்டரை ஆனா நாப்பது மூட்டை வேணும். கடன் ஏறல, வட்டியும் ஏறல, ஆனா விவசாயிக்கு பாரம் ரெண்டு மடங்கு. சங்கத்துல குறைஞ்ச வட்டிக்கு வாங்கினவனும் இதுல தப்பல.

அரிசி அனுப்பின பர்மா விவசாயியாவது நல்லா இருந்தானான்னா அதுவும் இல்லை. அங்கே கடன் குடுத்தவங்க நம்ம செட்டிநாட்டு லேவாதேவிக்காரங்க. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930-ல நூத்துக்கு ஆறு பங்கு நிலம் அவங்க கையில இருந்தது. 1938-ல அது 25 பங்கு ஆயிடுச்சு. ஒரே விலை வீழ்ச்சி, கடலுக்கு ரெண்டு கரையிலயும் சம்சாரிக்கு அடி.

இங்கே ராஜாஜி அரசாங்கம் 1938-ல விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அசலுக்கு ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா கடன் தீர்ந்ததா அர்த்தம். பலரோட நிலம் அதனால தப்பிச்சது. ஆனா 1954-ல வெளிவந்த ரிசர்வ் வங்கியோட கிராமக் கடன் ஆய்வு என்ன சொல்லுச்சு? இந்திய விவசாயி வாங்கின கடன்ல கூட்டுறவு குடுத்தது 3.1 சதவீதம்தான். வட்டிக்காரங்க குடுத்தது கிட்டத்தட்ட 70 சதவீதம். திரூர் சங்கம் ஆரம்பிச்சு அம்பது வருஷம் ஆனபிறகு இந்த நிலைமை.

இன்னிக்கு நிலைமை மாறியிருக்குங்கிறதை ஒத்துக்கணும். தமிழ்நாட்டுல 4,400-க்கு மேல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கு. தவணைக்குள்ள கட்டினா பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. அரசு கொள்முதல் நிலையம் இருக்கு. 2006, 2016, 2021-னு மூணு தடவை கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் ஆச்சு. கடைசித் தடவை 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். தள்ளுபடி போன வருஷத்துக் கடனைத்தான் தீர்க்கும். அடுத்த அறுப்புக்கு என்ன விலைங்கிறது அப்படியேதான் நிக்குது. நவரை அறுக்கிறப்போ மழை தூறினா ஈரப்பதம் 17-க்கு மேலன்னு கொள்முதல் நிலையத்துல நிறுத்திடுவாங்க. அறுப்பு மிஷின் வாடகை அன்னிக்கே குடுக்கணும். வேற வழியில்லாம செங்குன்றம் வியாபாரி கேக்கற விலைக்குப் போட்டுடறோம்.

இதுக்கு மருந்து புதுசு இல்லை, பொருளீட்டுக் கடன்தான். நல்லா காய வச்ச நெல்லைக் கிடங்குல வச்சு, மதிப்புல முக்கால் பங்கு வரைக்கும் கடன் வாங்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலயும் குடுக்கறாங்க. திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்துல மஞ்சளும் பருத்தியும் ஏலத்துக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும். கடனும் கிடங்கும் ஏலமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தா, விலை பிடிக்கலைன்னா இந்த வாரம் வேண்டாம்னு விவசாயி சொல்ல முடியும்.

கணக்கையும் மறைக்காம சொல்லிடறேன். 75 கிலோ மூட்டை நாப்பது, மூட்டை 1,500 ரூபாய்னா சரக்கு மதிப்பு 60,000. அதுல முக்கால் பங்கு 45,000 கைக்கு வரும். வட்டி 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா மூணு மாசத்துக்கு சுமார் 560 ரூபாய். எடை ரெண்டு சதவீதம் குறைஞ்சா 1,200 போச்சு. மூட்டைக்கு நூறு ரூபாய் விலை ஏறினா 4,000 கிட்ட வரும், ஏத்துக்கூலி இறக்குக்கூலி போக ரெண்டாயிரம் மிஞ்சலாம். விலை ஏறலைன்னா கைநஷ்டம். அதனால எல்லாத்தையும் வைக்காம பாதியை வச்சுப் பாக்கறதுதான் புத்தி.

சங்கத்துப் பேரவைக் கூட்டத்துக்கு நம்மாளுங்க போறதே குறைவு, போனாலும் கடன் எப்போ வரும்னுதான் கேக்கறோம். அடுத்த கூட்டத்துல வேற மூணு கேள்வி கேளுங்க. சங்கக் கிடங்கு காலியா இருக்கா? காய வைக்கக் களம் இருக்கா? நம்ம நெல்லு மேல கடன் குடுப்பாங்களா? நவரை அறுப்புக்கு முன்னாடியே கேக்கணும். நெல்லு களத்துல கொட்டினபிறகு கேட்டா பிரயோஜனம் இல்லை.