பேரிடருக்குப் பின் விலங்குக் காட்சியகங்கள்: மின்சாரம், இருப்புக் கணக்கு, அடைக்கலம்

1. ஆய்வின் எல்லை

புயலோ வெள்ளமோ ஓய்ந்த பின், அடுத்த சில நாட்களில் விலங்குக் காட்சியகங்களில் நேரும் இழப்பே இக்கட்டுரையின் பொருள். பிரம்மபுத்திரா பெருகும்போது காசிரங்கா தேசியப் பூங்கா விலங்குகள் கார்பி மலைப்பக்கம் மேடு தேடிப் போகின்றன. கூண்டில் இருப்பவற்றுக்கு அந்த வழி இல்லை. தீனி, தண்ணீர், தொட்டி மீனுக்கு மூச்சுக்காற்று எல்லாமே மனிதர் செய்துவைத்த ஏற்பாடுகள். இயற்கை அடித்த அடியைவிட, இந்த ஏற்பாடுகள் நின்றுபோனதே சில இடங்களில் பெருஞ்சேதம் விளைவித்தது.

2. மின்சாரம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கிய நியூ ஆர்லியன்ஸ் இதற்குத் தெளிவான சான்று. ஆடுபான் அமைப்பு அந்நகரில் ஒரு விலங்குக் காட்சியகத்தையும் ஒரு பெரிய மீன் காட்சியகத்தையும் நடத்துகிறது. விலங்குக் காட்சியகம் மேட்டு நிலத்தில் இருந்தது. ஊழியர் சிலர் உள்ளேயே தங்கினர். இழந்த விலங்குகள் மிகச் சில. மீன் காட்சியகக் கட்டடமும் புயலைத் தாங்கி நின்றது. ஆனால் நகரில் நிலைமை மோசமாகி ஊழியர்கள் வெளியேற, ஜெனரேட்டரும் நின்றது. மீன்களில் பெரும்பகுதி செத்தன. ஒரே ஊர், ஒரே புயல், ஒரே நிர்வாகம். விளைவு மட்டும் நேர்மாறு.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் ஜப்பானின் அக்வாமரின் ஃபுகுஷிமாவிலும் இதே கதைதான். மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் அங்கிருந்த சுமார் 2,00,000 உயிர்களில் பெரும்பாலானவை மாண்டன. பேரிடர் உதவி என்றதும் பலர் தீனி மூட்டைகளை அனுப்ப நினைக்கிறார்கள். முதலில் போய்ச் சேரவேண்டியது டீசலும், ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரும்தான்.

3. இருப்புக் கணக்கு

2015 ஜூன் 13 இரவு ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் வேரே ஆறு பெருக்கெடுத்து விலங்குக் காட்சியகத்தை அடித்துச் சென்றது. நீர்யானை ஒன்று நகரத் தெருவில் நடந்த படம் உலகமெங்கும் பரவியது. மயக்க ஊசி போட்டு அதை மீட்டனர். அதைவிட முக்கியமான பாடத்தைப் பலர் மறந்துவிட்டனர். ஆபத்தான விலங்கு எதுவும் இனி வெளியே இல்லை என்று அறிவித்தாயிற்று. ஜூன் 17 அன்று ஒரு கிடங்கில் பதுங்கியிருந்த புலி ஒருவரைக் கொன்றது. காட்சியகம் தந்த தகவல் பிழையென்று பிரதமரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது, மெட்ராஸ் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வதந்தி கிளம்பியது. எதுவும் தப்பவில்லை என்று பண்ணை உடனே மறுத்தது. இவ்வாறு துணிந்து சொல்ல, எந்த அடைப்பில் எத்தனை உயிர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டிறுதியில் மேலிடத்துக்கு அனுப்பும் கணக்கு இதற்குப் போதாது. அன்றாடப் பதிவேட்டின் நகல் ஒன்று வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். மூலப் பதிவேடு வெள்ளத்தோடு போய்விடக்கூடும் அல்லவா? மைக்ரோசிப் எண்ணும் அதில் இருந்தால், மீட்ட விலங்கு எது, இன்னும் கிடைக்காதது எது என்பதில் சண்டை வராது.

4. மரமும் மதிலும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. விழுந்த மரம் வேலியை நசுக்கும், தீனி வண்டியின் வழியையும் மறிக்கும். முதலில் விலங்கு அடைப்புகளுக்குச் செல்லும் பாதை, அடுத்து வேலியும் மதிலும், கடைசியாகப் பார்வையாளர் பாதை என்பதே சரியான வரிசை. வருமானம் நின்றுபோன நிர்வாகத்துக்கு இவ்வரிசையைத் தலைகீழாக்கும் ஆசை வரலாம்.

5. அடைக்கலம்

நியூ ஆர்லியன்ஸில் உயிர்தப்பிய பென்குயின்களும் கடல்நீர்நாய்களும் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா மீன் காட்சியகத்துக்கு விமானத்தில் சென்றன. 2006 மே மாதம் பென்குயின்கள் ஊர் திரும்பின. அக்வாமரின் விலங்குகளையும் பிற காட்சியகங்கள் ஏற்றுக்கொண்டன. சுனாமிக்குப் பின் நான்கே மாதத்தில், 2011 ஜூலை 15 அன்று அக்வாமரின் மீண்டும் திறந்தது. இடம் தந்தவை தொலைவில், பேரிடர் எட்டாத பகுதியில் இருந்தன. நம் ஊரில் பார்த்தால், திருப்பதி விலங்குக் காட்சியகம் வண்டலூருக்குப் பக்கம்தான், ஆனால் ஒரே புயல் இரண்டையும் தொடக்கூடும், மைசூருக் காட்சியகம் அவ்வாறன்று. எந்த விலங்கு எங்கே போகும், கூண்டு வண்டி யாருடையது, மயக்க மருந்துக்கு எந்த மருத்துவர் பொறுப்பு என்பவற்றை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். வனத்துறையும் பூங்கா நிர்வாகங்களும் இதை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் செய்து முடிக்கட்டும்.