டாக்சி நிலையத்தில் பிறந்த புகழ்

‘மெர்சிடிஸ் கார் கெடாது’ என்னும் பேச்சு நம் நாட்டில் இரண்டு தலைமுறைகளாக வழங்கி வருகிறது. பழைய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றைக் கடனில் வாங்க எண்ணும் இளம் ஆசிரியர்களும் இதனையே சான்றாகக் காட்டுகின்றனர். இப்புகழ் எங்கே, எவ்வாறு பிறந்தது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

1899-ல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற சைக்கிள் அண்டு கேரேஜ் நிறுவனம், மலாயாவில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களை விற்கும் உரிமையை 1951-ல் பெற்றது. அவற்றை வாங்கித் தம் வாயிலில் நிறுத்தியவர்கள் செல்வர்கள். ஆயினும், அவற்றின் உறுதியைப் பொதுமக்களுக்கு மெய்ப்பித்தவர்கள் வெளியூர் டாக்சி ஓட்டுநர்களே ஆவர்.

நம் தம்பினையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து மலாக்காவுக்கு 1905 முதல் கிளை இரயில்பாதை ஒன்று இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம் - பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அப்பாதை அமைக்கச் சென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை, தண்டவாளங்களும் திரும்பவில்லை. அதன்பின், தம்பினில் இரயிலை விட்டிறங்கி மலாக்கா செல்வோர் பேருந்தையோ டாக்சியையோ நாட வேண்டியதாயிற்று. நால்வர் சேர்ந்தால் புறப்படும் அத்தகைய டாக்சி ஒன்றில்தான், எழுபதுகளின் இறுதியில், சிறுவனாகிய நான் முதன்முதலில் மெர்சிடிஸ் காரில் ஏறினேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அவ்வாறே.

அவை டீசல் கார்கள். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் இயந்திரத்திலோ, அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே அதனைப் பற்றவைக்கிறது. ஆகவே, ஈரத்தில் தகராறு செய்யும் ஸ்பார்க் பிளக்கும் அதன் கம்பிகளும் அதில் இல்லை. இந்நிறுவனம் 1936-ல் வெளியிட்ட 260 டி என்னும் டீசல் காரும் தொடக்கத்தில் டாக்சியாகவே பெரிதும் பயன்பட்டது. 1958-ல் வந்த 190 டி காரின் ஆற்றல் 50 குதிரைத்திறனே. வேகம் குறைவு, ஆயுள் மிகுதி.

ஆனால், உறுதி இயந்திரத்தில் மட்டும் இல்லை. கார் ஒருநாள் நின்றால் ஓட்டுநர் வீட்டில் அன்று வரும்படி இல்லை. ஆதலால், அவர் காலந்தவறாமல் எண்ணெய் மாற்றினார். சிறு ஓசை கேட்டதும் பட்டறைக்குச் சென்றார். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 240 டி கார் 46 இலட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-ல் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன் இயந்திரமும் பலமுறை மாற்றப்பட்டதே என்பதை நாம் மறத்தலாகாது.

பின்வந்த சொகுசுக் கார்கள் வேறு வகையின. அவற்றில் மின்னணுக் கருவிகள் மிகுந்தன. 2005-ல் மின்கருவி, பிரேக் ஆகியவற்றின் குறைகளைத் திருத்த, அதே நிறுவனம் ஏறக்குறைய 13 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பழைய பெயர் புதிய பொறிக்குப் பிணையாகாது என்பதற்கு இதுவே சான்று.

மற்றொன்றும் உண்டு. கார் பழையதானால் அதன் விலை குறையும். உதிரிப் பாகத்தின் விலை அவ்வாறு குறைவதில்லை. என் நண்பராகிய ஆசிரியர் ஒருவர், மூன்றாம் கையாக வாங்கிய ஜெர்மன் கார் ஒன்றின் கியர்ப் பெட்டிக்குக் கொடுத்த தொகை, காரின் விலையில் பாதியைத் தாண்டிற்று. கார் விற்கப்பட்டுவிட்டது, கடன் இன்னும் தீரவில்லை.

எனவே, வாங்க விரும்புவோர் காரின் முகப்பிலுள்ள சின்னத்தைப் பார்க்குமுன் அதன் பராமரிப்பு ஏட்டைப் பார்ப்பாராக. அப்புகழை ஈட்டியவர்கள் அந்த ஏட்டை நாள்தோறும் தம் உழைப்பால் எழுதியவர்கள்.