பட்டியல் சொன்ன மரம்
அத்தியாயம் 6

1840 செப்டம்பர் 16-ல் தொடங்கி இங்கிலாந்தின் டெர்பி நகரம் வேலையை ஒதுக்கிவைத்துக் கொண்டாடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். பஞ்சாலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட் 11 ஏக்கர் மரத்தோட்டத்தை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதை வடிவமைத்த ஜான் கிளாடியஸ் லௌடன் ஒற்றைக் கை மனிதர். வலக்கையை 1825-லேயே வெட்டி எடுத்திருந்தார்கள். பிரிட்டனில் வளரும் மரங்களைப் பற்றி 8 தொகுதிகளில் புத்தகம் போட்டு, சுமார் 10,000 பவுண்டு கடனில் மாட்டியவர். அந்தப் புத்தகத்தை நிலத்தில் நட்டுக்காட்ட டெர்பி அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது.

நிலமோ தட்டை, குறுகல். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். லௌடன் என்ன செய்தார்? பாதைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மண்மேடுகளை எழுப்பினார். பக்கத்துப் பாதையில் போகிறவர் தெரியமாட்டார், எல்லையும் தெரியாது. 11 ஏக்கர் பெரிய வனமாகிவிட்டது! மரங்களையும் சின்னச் சின்ன மேடுகளில் நட்டார். அடிமரத்திலிருந்து வேர் பிரியும் இடம் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டுமாம். மரமும் புதருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. அதுவும் போதாதென்று முழுப் பட்டியலையும் அச்சிட்டுவிட்டார். அந்தப் பட்டியலை நினைவில் வையுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் இலவசம். அதில் ஒன்று ஞாயிறு. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள். 1882-ல் எல்லா நாளும் இலவசமானது. ஆனால் அதற்குள் லௌடன் நட்டவற்றில் பல பட்டுப்போயிருந்தன.

கொலையாளி, புகை. 1844-ல் உருவான மிட்லண்ட் ரயில்வே டெர்பியைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. பணிமனைகளும் உலைகளும் பெருகின. இலையுதிர் மரமாவது ஆண்டுக்கொருமுறை அழுக்குச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடும். பைன், ஃபிர் வகைகளின் ஊசியிலைகளோ பல ஆண்டுகள் மரத்திலேயே இருப்பவை. அவற்றின் நுண்துளைகளைக் கரி அடைத்தது. மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன.

1941-ல் ஜெர்மன் குண்டு ஒன்று தோட்டத்தின் இசைமேடையில் விழுந்தது. தெறித்த கல், அருகிலிருந்த காட்டுப்பன்றிச் சிலையின் தலையைக் கொண்டுபோனது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்து வெண்கலப் பன்றியைப் பார்த்துச் செய்த சிலை அது; ஸ்ட்ரட்டின் சொந்தத் தோட்டத்திலிருந்து வந்தது.

2000-களின் தொடக்கத்தில் பாரம்பரிய லாட்டரி நிதி கைகொடுக்க, புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. பாதையும் கட்டடமும் பெரிய வித்தையல்ல. பணம் வந்தால் கொத்தனார் முடித்துவிடுவார். மண்மேடுகளும் மிச்சம் இருந்தன. மரங்களுக்கு? லௌடனின் பட்டியல்தான் இருக்கிறதே, பெயரைப் பார்த்துக் குழி தோண்ட வேண்டியதுதானே?

அங்கேதான் முடிச்சு. பட்டியலில் எல்ம் வகைகளும் உண்டு. 1970-களில் தலைவிரித்தாடிய எல்ம் நோய் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைச் சாய்த்திருந்தது. வண்டு சுமந்துவரும் பூஞ்சை அது. கன்றாக இருக்கும்வரை வண்டு சீண்டாது. அடிமரம் பருத்து, பட்டை தடித்ததும் தேடி வரும். பட்டியலை நம்பி நட்டால் சாவதற்கென்றே வளர்ப்பதாகும். நடாமல் விட்டால் அது லௌடனின் தோட்டம்தானா? என்னைக் கேட்டால், லௌடனே பட்டியலைத் திருத்தியிருப்பார்.

தலைபோன பன்றிக்கு மூலம் இன்னும் இத்தாலியில் நிற்கிறது. அதைப் பார்த்து இன்னொன்று செய்துவிடலாம். எல்முக்கு?

(தொடரும்)